நீராடும் இளவரசியும் ஊறும் காண்டாமிருகமும்

மொழிபெயர்ப்பு என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை காப்பியங்களும் சமய நூல்களும் அறிவியல் கட்டுரைகளுமே. தொல்காப்பியர் வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணிவைத்தார் என்று மரபியலை எடுத்துக்காட்டி நாம் கற்பிப்பதும் அந்நினைவை வலுப்படுத்துகிறது. உணவுக்கடையில் மேசைமேல் வைக்கும் பட்டியலை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதும் மொழிபெயர்ப்பே என்றால் சிலர் நகைக்கக்கூடும். எனினும், நெடுங்கவிதை ஒன்றை மொழிபெயர்ப்பவனைக் காட்டிலும் இனிப்புப் பண்டம் ஒன்றின் பெயரை மொழிபெயர்ப்பவனுக்கே நெருக்கடி மிகுதி என்பது என் கருத்து. கவிதைக்கு முன்னுரை உண்டு, அடிக்குறிப்பு உண்டு, பொறுமையோடு படிப்பவனும் உண்டு. பட்டியலுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. படிப்பவன் பசியோடு அமர்ந்திருக்கிறான். இரண்டு சொல், மிஞ்சினால் ஒரு வரி. அதற்குள் பண்டம் இன்னது என்பதும் விளங்க வேண்டும். அதற்குப் பெயரிட்டவனின் குறும்பும் விளங்க வேண்டும்.

இத்தகைய குறும்புக்குப் பெயர்போன நாடு ஸ்பெயின். அந்நாட்டு இனிப்புகளுட் பல கன்னிமாடங்களோடு தொடர்புடையவை. ஹெரேஸ் நகரத்துத் திராட்சை மதுவைத் தெளிவிக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினர் என்றும், எஞ்சிய மஞ்சட்கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுத்துவிட்டனர் என்றும், அருட்கன்னியர் அதனைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்துப் பண்டங்களாக்கினர் என்றும் அங்கு வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவற்றுக்கு வாய்த்த பெயர்களைக் காணுங்கள். மஞ்சட்கருவும் பாகும் உறைந்து பளபளக்கும் ஒரு பண்டத்துக்குத் ‘தொசீனோ தெ சியெலோ’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வானுலகப் பன்றிக்கொழுப்பு’. வாதுமைப் பருப்பு மாவைக் குழலாக உருட்டி உள்ளே மஞ்சட்கரு இனிப்பை அடைத்து, நவம்பர் முதல் நாளாகிய அனைத்துப் புனிதர் திருநாளையொட்டி உண்பது ‘புனிதரின் எலும்பு’. உள்ளே காற்றன்றி வேறொன்றும் இல்லாதது போல் பொங்கிப் பொரிந்த மாவுருண்டை ‘அருட்கன்னியின் பெருமூச்சு’. அடை போன்ற மெல்லிய மாப்பண்டத்தில் இனிப்புக் களியைத் தடவிச் சுருட்டியது ‘ஜிப்சியின் கை’. இந்தக் கடைசிப் பெயருக்குப் பின்னர் வருவேன்.

வெளிநாட்டுப் பயணிகளுக்காக இப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளுள் ஒன்றைப் பற்றினர். சிலர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். சிலர் பெயரைக் கைவிட்டு, முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த களி என்று பண்டத்தை மட்டும் விவரித்தனர். சிலர் ஸ்பானியப் பெயரை அப்படியே நிறுத்திவிட்டனர். முதல் வழியில் குறும்பு பிழைக்கிறது, பண்டம் மறைகிறது. இரண்டாம் வழியில் பண்டம் தெரிகிறது. பெயரிட்ட மக்கள் மறைகின்றனர். மூன்றாம் வழியில் தவறு நேர இடமில்லை; எதுவும் நிகழவும் இடமில்லை.

முதல் வழியின் இடரை நம் நாட்டில் வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும். ஜொகூர் பாருவில் ஒருவர் ஸ்பானிய உணவுக்கடை திறந்து, பட்டியலில் ‘வானுலகப் பன்றிக்கொழுப்பு’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். முஸ்லிம் வாடிக்கையாளர் அந்த வரியைக் கண்ட அளவிலேயே எழுந்து போய்விடுவார். ஆனால் அப்பண்டத்தில் பன்றிக்கொழுப்பு துளியும் இல்லை. சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. சொல்லைக் காப்பாற்றினால் பொருளைக் காப்பாற்றியதாகும் என்று நம்பும் மாணவனுக்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அதற்காக ஸ்பெயின் வரை போகவும் வேண்டியதில்லை. நம் தேன்குழலில் தேன் உண்டா? அரிசிமாவும் உளுத்தமாவும் உப்பும் சேர்த்து எண்ணெயில் பிழிந்தெடுக்கும் காரவகைப் பண்டம் அது. தீபாவளி விருந்துக்கு வரும் மலாய் நண்பரிடமோ சீன நண்பரிடமோ அதைத் ‘தேன் நிறைந்த குழல்’ என்று மலாயில் சொல்லி நீட்டினால், கடித்தபின் அவர் நம்மைப் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி நம் அண்டை வீட்டுச் சமையலறைக்குள் வருவோம். மலாய் மக்கள் குவே என்று பொதுப்பெயரால் வழங்கும் பண்டங்களின் பெயர்களில் ஸ்பானியரின் குறும்புக்குச் சற்றும் குறையாத குறும்பு உண்டு. ஒட்டரிசி மாவை உருண்டையாக்கி, உள்ளே இனித்த தேங்காய்ப் பூரணம் வைத்து, கெட்டியான தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்ட பண்டத்துக்குப் ‘பாடாக் பெரெண்டாம்’ என்று பெயர். நீரில் ஊறிக் கிடக்கும் காண்டாமிருகம் என்பது பொருள். கிழக்குக் கரையில் ஏறத்தாழ இதே வகைப் பண்டத்துக்குப் ‘புத்ரி மண்டி’ என்று பெயர். நீராடும் இளவரசி என்பது பொருள். செய்முறை இடத்துக்கு இடம் சிறிது வேறுபடும். ஆனால் மாவுருண்டை, தேங்காய்ப்பால் என்ற அடிப்படை ஒன்றே. அவ்வொன்றைக் கண்டு ஒரு கூட்டத்தார் சேற்றில் அமிழ்ந்து முதுகு மட்டும் தெரியக் கிடக்கும் விலங்கை நினைத்தனர். மற்றொரு கூட்டத்தார் குளத்தில் இறங்கிய அரசகுமாரியை நினைத்தனர்!

இங்கே விவரித்து எழுதும் இரண்டாம் வழியைக் கையாண்டால் நேர்வது என்ன? ‘தேங்காய்ப்பாலில் மாவுருண்டை’ என்று எழுதலாம். நமக்கு அதனினும் எளிய சொல்லும் உண்டு. பால்கொழுக்கட்டை என்றால் தமிழ்க் குழந்தைக்கும் பாதி விளங்கிவிடும். ஆனால் அவ்வாறு எழுதிய நொடியில் இளவரசியும் காண்டாமிருகமும் ஒன்றாகிவிடுகின்றனர். பட்டியலில் இரு பண்டங்கள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் விழும். விவரிப்பு என்பது பழியற்ற வழி என்று பலரும் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பண்டத்தை அறிமுகப்படுத்தும் அதே வேளையில் அதை ஆக்கிய மக்களின் கண்ணை அது மூடிவிடுகிறது.

ஆகவே எப்பெயரை மொழிபெயர்க்க வேண்டும், எப்பெயரை அப்படியே விட வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அவ்வளவுகோல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்ததை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். மரம் இடுகுறி, பறவை காரணம் என்று எடுத்துக்காட்டுச் சொல்லி மேலே செல்கிறோம். உவமையாகுபெயருக்குப் பாவை வந்தாள் என்பதைச் சொல்கிறோம். பாடாக் பெரெண்டாமும் உவமையாகுபெயரே. காண்டாமிருகம் என்னும் சொல் உவமை வழியாக மாவுருண்டைக்கு ஆகி வந்துள்ளது. ஆனால் காரணப் பெயர்கள் அனைத்தும் எக்காலத்தும் காரணத்தோடு வாழ்வதில்லை. சிலவற்றில் காரணம் விழித்திருக்கிறது. சிலவற்றில் அது உறங்கிவிட்டது. அதிரசம் என்று சொல்லும்போது மிகுந்த சுவை என்னும் பொருளை நம்முள் யார் நினைக்கிறோம்? வட்டமாகப் பொரித்த வெல்லப் பண்டம் ஒன்றே கண்முன் நிற்கிறது. காரணம் உறங்கிவிட்டது, பெயர் இடுகுறி போல் ஆகிவிட்டது. மலாய் மக்களின் ‘செரி மூக்கா’வும் அத்தகையதே. கீழே ஒட்டரிசிச் சோறும் மேலே பாண்டான் இலைச் சாறு சேர்ந்த பச்சை நிறக் களியுமாக இரண்டு அடுக்குகளாய் இருக்கும் அப்பண்டத்தின் பெயருக்கு ஒளிமுகம் என்று பொருள் சொல்லலாம். ஆனால் கடைக்குச் சென்று வாங்குபவர் எவரும் முகத்தை நினைத்து வாங்குவதில்லை. அதனைத் தமிழில் ‘முகப்பொலிவு’ என்று எழுதினால் பூச்சு மருந்தென்று எண்ணிக் கொள்வர். இப்பெயரை அப்படியே விட்டுவிட வேண்டும்.

மாறாகப் பாடாக் பெரெண்டாம் என்று சொல்லிக் கிண்ணத்தைக் கொடுக்கும்போது மலாய்க் குழந்தை இன்றும் சிரிக்கிறது. காரணம் விழித்திருக்கிறது. பெயரே பண்டத்தின் ஒரு பாகம். சிரிப்பைத் தராமல் கிண்ணத்தை மட்டும் கொடுத்தால் அளவு குறைத்துக் கொடுத்ததாகும். நம்முடைய பொருள்விளங்கா உருண்டையும் இவ்வகையினதே. பொரிவிளங்காய் என்ற பாட வேறுபாடும் அதற்கு உண்டு; எது முந்தியது என்று வாதிடுவோர் வாதிடட்டும். வறுத்த தானியமும் பருப்பும் வெல்லப்பாகும் சேர்ந்து கல்லாய் இறுகிய அந்த உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன பொருள் என்று விளங்காமல் விழிக்கும் அனுபவம் வாய்த்தவர்க்கு அப்பெயர் வெறும் பெயரன்று. ஆங்கிலப் பட்டியலில் இதனை ‘வெல்ல உருண்டை’ என்று எழுதுவது பெருந்தவறு. ‘புதிர் உருண்டை’ என்னும் பொருள்பட எழுதினால் பெரும்பகுதி தப்பிவிடும்.

உருண்டை என்றதும் ஓர் எச்சரிக்கை. இக்காலத்தில் பட்டியல் எழுதுவோர் ஆங்கிலத்தில் ஒரு பெயரை அமைத்து, அதனையே தமிழெழுத்தில் பெயர்த்துவிடுகின்றனர். ‘ரைஸ் பால்’ என்று தமிழில் எழுதியிருந்தால் படிப்பவன் அரிசிப்பால் என்றே கொள்வான். உருண்டை என்ற எண்ணம் அவனுக்கு வர வழியில்லை. நம் எழுத்துமுறையின் இயல்பு அது. எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

பெயரின் குறும்பு இரட்டுற மொழிதலாக அமைந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளன் தோல்வியை ஏற்றுக்கொள்வதே தகும். வாழைப்பழத்தைப் பிசைந்து மாவோடு சேர்த்துக் கையால் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பொரிக்கும் பண்டத்துக்கு ‘ஜெம்புட்-ஜெம்புட்’ என்று பெயர். மலாயில் ஜெம்புட் என்பதற்கு விரல் நுனியால் கிள்ளி எடுத்தல் என்பது ஒரு பொருள். விருந்துக்கு அழைத்தல் என்பது மற்றொரு பொருள். கிள்ளிப் போட்ட பண்டம் விருந்தாளியை ‘வாருங்கள், வாருங்கள்’ என்று அழைப்பதாகவும் காதில் விழும். நம் மொழியில் அழைப்பும் கிள்ளலும் ஒரு சொல்லில் கூடுவதில்லை. கிள்ளுவது தமிழ் வீடுகளில் வேறு காரியத்துக்கு!

இனி, அவையில் சொல்லத் தயங்கும் பெயர்களைப் பற்றி. கிளந்தானில் வாத்து முட்டையின் மஞ்சட்கருவை நூல் நூலாகப் பாகில் ஊற்றி ‘ஜாலா மாஸ்’ என்னும் பொன்வலை செய்கின்றனர். எஞ்சும் வெள்ளைக்கருவை வீணாக்காமல் அதனையும் பாகிலிட்டு மற்றொரு பண்டம் ஆக்குகின்றனர். அதற்குத் ‘தாஹி ஈத்தெக்’ என்று பெயர். வாத்தின் கழிவு என்று இடக்கரடக்கலாகச் சொல்லி நிறுத்துகிறேன். ஸ்பெயினில் வெள்ளைக்கரு மதுவுக்குப் போக மஞ்சட்கரு கன்னிமாடத்துக்கு வந்தது. கிளந்தானில் மஞ்சட்கரு பொன்வலைக்குப் போக வெள்ளைக்கரு இப்பெயரைப் பெற்றது. மிஞ்சியதைக் கொண்டு செய்யும் பண்டத்துக்குப் பெயரிடும்போதுதான் மனிதர்க்கு நகைச்சுவை பிறக்கிறது போலும்.

அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லுதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காலம் முதல் நம் மரபு. நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் இடக்கரடக்கலை ஒன்றாக வைத்தார். பிரெஞ்சு மக்களும் இவ்வழக்கை அறிவர். மேலே கண்ட பெருமூச்சுப் பண்டத்தை ஒத்த ஒன்றுக்கு அவர்கள் நாட்டில் இரண்டு பெயர்கள். ஒன்று அருட்கன்னியின் பெருமூச்சு. மற்றொன்று அதே கன்னியிடமிருந்து வேறு வழியாக வெளிவரும் காற்றைக் குறிப்பது. முரட்டுப் பெயரே பரவலாக வழங்க, நாகரிகப் பெயர் அதற்குத் திரையாக நிற்கிறது. கிளந்தான் மக்கள் திரையிட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் கூசாததை அவர்கள் பொருட்டு நாம் கூச வேண்டுமா என்பது கேள்வி. அகராதியில் கூசக்கூடாது. பட்டியலில் மலாய்ப் பெயரை நிறுத்தி, பக்கத்தில் பாகில் வெந்த முட்டை வெள்ளைக்கரு என்று எழுதிவிட்டால் போதும். பெயரின் பொருளைக் கேட்பவனுக்குப் பரிமாறுபவர் வாயால் சொல்வார். அச்சிரிப்புக்கு வாய்மொழியே இடம், அச்செழுத்து அன்று.

தகுதி வழக்கின் மூன்றாம் வகையாகிய குழூஉக்குறியும் நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் செழித்து வளர்கிறது. சோயாப்பாலில் கருநிறக் கூழ் மிதக்கும் பானத்துக்கு ‘மைக்கேல் ஜாக்சன்’ என்றும், மைலோவின் மேல் கரையாத மாவைக் குவித்துத் தருவதற்கு ‘மைலோ டைனோசர்’ என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இவை கடைக்காரனும் வாடிக்கையாளனும் தமக்குள் பேசிக்கொள்பவை. மொழிபெயர்ப்பாளனுக்கு இங்கே வேலையில்லை.

வேலை மிகுந்த இடம் வேறு. அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து வட்டமாகத் தட்டி, நடுவே துளையிட்டு, எண்ணெயில் பொரித்தெடுக்கும் மலாய்ப் பண்டம் ஒன்று உண்டு. நம் அதிரசத்துக்கு மிக அணுக்கமானது. சில இடங்களில் பெனெராம் என்பர். சில இடங்களில் டெண்டெராம் என்பர். இன்னும் ஒரு பெயரும் உண்டு: ‘தெலிங்கா கெலிங்’. தெலிங்கா என்பது காது.

பயிற்சி ஆசிரியர்களோடு ஒருமுறை பண்டப் பெயர்களை மொழிபெயர்க்கும் பயிற்சி நடத்தினேன். பட்டியலில் இப்பெயரையும் வைத்திருந்தேன். மூன்று வகை விடைகள் வந்தன. ஒருவர் ‘தமிழர் காது’ என்று எழுதியிருந்தார். ஒருவர் ‘இந்தியர் செவி’ என்று எழுதியிருந்தார். பலர் ‘அதிரசம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருந்தனர். ஓர் இளைஞர் மட்டும் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “ஐயா, அர்த்தம் தெரியாமல் விடவில்லை” என்றார். வகுப்பில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

மூன்று விடைகளையும் திறனாய்ந்து பார்ப்போம். கெலிங் என்னும் சொல் கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பது அறிஞர் கொள்கை. செஜாரா மெலாயு முதலிய பழைய மலாய் நூல்களில் அது தென்னிந்தியப் பகுதியைக் குறிக்கும் நாட்டுப் பெயராக இழிவுக் குறிப்பின்றி வழங்கிற்று. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மலாக்காவில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும் அப்பழைய வழக்கின் சான்றுகளாக இன்றும் நிற்கின்றன. பின்னாளில் அச்சொல் நம்மவரை இழித்துரைக்கும் வசையாக மாறியது. நாற்றம் என்னும் சொல் நறுமணத்தைக் குறித்த காலம் போய் இன்று கெட்ட மணத்தைக் குறிப்பதை இழிபொருட்பேற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கிறோம் அல்லவா? அதே விதிதான். ஆனால் நாற்றம் இழிந்தபோது எந்த மனிதனுக்கும் வலிக்கவில்லை.

எனவே ‘தமிழர் காது’, ‘இந்தியர் செவி’ என்பன சொல்லின் சுட்டுப்பொருளை மட்டும் பெயர்த்து, அதன் மேல் காலம் ஏற்றிய நஞ்சை வடித்துவிட்டன. வடித்தது நல்லதுதானே என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பில் அது பொய். ‘அதிரசம்’ என்பது பண்டத்தைச் சரியாகக் காட்டுகிறது. பெயர் ஒன்று இருந்ததையே மறைத்துவிடுகிறது. வெற்றிடமாக விட்ட இளைஞரின் விடைத்தாள்தான் உண்மைக்கு நெருங்கியது. ஆனால் வெற்றிடத்தை அச்சிட முடியாது.

என் முடிவு இது. உணவுப் பட்டியலுக்கு ஆசிரியன் இல்லை. பண்டத்துக்கு வழக்கிலுள்ள பெயர்களுள் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைக்காரனுக்கு உண்டு. பெனெராம் என்னும் பெயர் மலாய் மக்களே வழங்கும் பெயர். நாம் புதிதாகப் புனைந்ததன்று. அதைத் தேர்ந்துகொள்வதால் ஒருவருக்கும் இழப்பில்லை. ஆனால் ஒரு மலாய்ச் சிறுகதையில் ஒரு பாட்டி அந்தப் பழைய பெயரைச் சொன்னால், தமிழில் பெயர்ப்பவன் அதனை மாற்றக்கூடாது. ‘தெலிங்கா கெலிங்’ என்றே எழுத வேண்டும். அங்கே சொல் அப்பாட்டியினுடையது. அவள் அன்போடு சொன்னாளா, ஏளனமாகச் சொன்னாளா, பழக்கத்தால் சொன்னாளா என்று வாசகன் கதையிலிருந்து அறிந்துகொள்வான். முதியவர்கள் பலர் எத்தகைய உட்கருத்தும் இன்றி அப்பெயரை வழங்கினர் என்பதை நானும் அறிவேன். ஆயினும் பண்டத்தில் இருப்பது எவர் காதோ, அவர் காதில் அப்பெயர் எவ்வாறு விழுகிறது என்பதைக் கணக்கில் எடுக்காத மொழிபெயர்ப்பு கணக்கை அரைகுறையாக முடித்ததாகும்.

இப்போது ‘ஜிப்சியின் கை’க்கு வருகிறேன். ஸ்பானிய மொழியில் அது ‘பிராசோ தெ ஹிதானோ’. ஹிதானோ என்னும் சொல் எகிப்தியர் என்பதன் திரிபு. அம்மக்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக எண்ணியதால் வந்த பெயர். உண்மையில் அவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்களின் மொழி காட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஸ்பெயினை அடைந்தனர். இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கலிங்கத்தார் அல்லாதவர்களைக் கலிங்கத்தார் என்றழைத்து, அவர்தம் காதைப் பொரித்தெடுத்தது ஒரு நாடு. எகிப்தியர் அல்லாதவர்களை எகிப்தியர் என்றழைத்து, அவர்தம் கையைச் சுருட்டித் தட்டில் வைத்தது மற்றொரு நாடு. இரு தட்டுகளிலும் இருப்பவை பாரத மண்ணிலிருந்து போனவர்களின் உறுப்புகள். ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றில் இதனைச் சுவிஸ் ரோல் என்று எழுதிவிடுகின்றனர். பண்டம் அதுவே ஆதலின் அது தக்க தீர்வென்றே கொள்கிறேன். சுவிட்சர்லாந்து மக்கள் இதுவரை முறையிட்டதாகக் கேள்வியில்லை.

நம் பண்டங்கள் பிற மொழிக்குப் போனபோது நேர்ந்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடியப்பம் மலாயில் ‘புத்து மாயம்’ ஆயிற்று. தேங்காய்த் துருவலோடும் சர்க்கரையோடும் காலையில் விற்கப்படும் அதனை நம் பிள்ளைகளே மலாய்ப் பெயரால்தான் கேட்கின்றனர். மஸ்கட் நகரின் பெயர் தாங்கிய அல்வா தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் மஸ்கோத்து அல்வா எனவும், ஜொகூர் மலாய் வீடுகளில் ஹல்வா மஸ்காட் எனவும் வழங்குகிறது. இரண்டின் செய்முறையும் வேறு. ஜொகூருக்கே உரிய காலையுணவாகிய ‘காச்சாங் பூல்’ இன்னும் வேடிக்கையானது. அரபு மொழியில் பூல் என்றாலே ஒருவகை அவரைப் பயறு. மலாயில் காச்சாங் என்றாலும் பயறு. பயற்றுப் பயறு என்று நாள்தோறும் சொல்லி உண்டு மகிழ்கிறோம். இவையெல்லாம் காது வழியாகப் போன பெயர்கள். வடசொல்லைத் தமிழ் ஓசைக்கேற்பத் திரித்து ஏற்றுக்கொள்வதைத் தற்பவம் என்று நம் இலக்கணம் ஏற்றது. பெயரைத் திரித்தாவது காப்பாற்றுவது, பொருள் சொல்லித் தொலைப்பதினும் மேல் என்பதை இப்பெயர்களின் நெடுவாழ்வு காட்டுகிறது.

எஞ்சியிருப்பது, குறையாகச் சொல்லிக்கொண்டே வந்த நான் என் கையால் ஒன்றிரண்டு மொழிபெயர்த்துக் காட்டுவது. புத்ரி மண்டி எளிது. ‘நீராடும் இளவரசி’ என்று பெயரிட்டு, அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் ‘தேங்காய்ப்பாலில் பூரணக் கொழுக்கட்டை’ என்று எழுதலாம். மண்டி என்பது அன்றாடம் குளிப்பதற்கான சொல்லே ஆயினும், இளவரசியைத் தமிழில் குளிக்கவிடுவதினும் நீராடவிடுவதே நம் காதுக்கு ஒக்கும்.

பாடாக் பெரெண்டாம்தான் கடினம். பாடாக் என்பது ஈரசைச் சிறுசொல்; குழந்தை வாயில் எளிதில் உருளும். காண்டாமிருகம் என்பது நீண்ட சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிவிடும். மேலும் நீரில் ஊறிக்கிடக்கும் விலங்கு என்றால் தமிழன் கண்முன் தோன்றுவது எருமையே. குட்டையில் இறங்கிய எருமையின் மந்தத்தைப் பற்றி நம் மொழியில் இல்லாத வசவா? ‘குட்டையில் எருமை’ என்று பெயரிட்டால் ஓசையும் சிறுக்கும். படமும் உடனே எழும். பயிற்சி ஆசிரியர்களுட் பெரும்பாலோர் அதனையே விரும்பினர். நகைச்சுவையை நகைச்சுவையால் ஈடுசெய்வதே நல்ல மொழிபெயர்ப்பு என்று வாதாடினர். வாதம் வலிமையுடையதே.

நான் அதற்கு இசையவில்லை. சுமத்திராக் காண்டாமிருகம் சேற்றில் புரண்டு நெடுநேரம் ஊறிக் கிடக்கும் இயல்புடையது. ஜொகூர், பகாங் எல்லையிலுள்ள எண்டாவ் ரொம்பின் காடு அது வாழ்ந்த இடங்களுள் ஒன்று. பெயரிட்டவர்கள் கற்பனையில் கண்ட விலங்கன்று அது. அவர்கள் காட்டில் கிடந்த விலங்கு. மலேசியக் காடுகளில் அவ்வினம் அற்றுப்போயிற்று என்று 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். சபா மாநிலத்தில் வைத்துக் காத்துவந்த ஈமான் என்னும் பெண் விலங்கும் 2019 நவம்பரில் இறந்தது. அதன்பின் இந்நாட்டில் ஒன்றும் இல்லை. இப்போது அது ஊறிக் கிடப்பது தேங்காய்ப்பால் கிண்ணத்தில் மட்டுமே. அதனைத் தூக்கிவிட்டு எருமையை இறக்க எனக்கு மனமில்லை. ‘ஊறும் காண்டாமிருகம்’ என்றே எழுதிக் கொடுத்தேன்.